பிறந்த குழந்தையின் பெருந்தலை

பெருந்தலை என்பது ஒரு குழந்தையின் தலைச் சுற்றளவு, அதே அகவையும் பாலும் கொண்ட குழந்தைகளின் சராசரியைவிட இரண்டு நியமவிலகலுக்கு மேல் இருக்கும் நிலையாகும். இது நோயன்று; ஓர் அறிகுறி மட்டுமே. இவ்வரையறையின்படி, நலமான குழந்தைகளிலும் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் பெருந்தலை உடையோராவர். எனவே, நலமான பெரிய தலையையும் நோயால் பெருக்கும் தலையையும் பிரித்தறிவதே மதிப்பிடலின் நோக்கமாகும்.

அளவிடல்

நீளாத அளவுநாடாவைப் புருவங்களுக்குச் சற்று மேலாகவும், பின்தலையின் மிகப் புடைத்த பகுதி வழியாகவும் சுற்றி அளக்க வேண்டும். மும்முறை அளந்து, மிகப்பெரிய அளவைக் குறித்துக்கொள்வர். உலக சுகாதார அமைப்பின் அட்டவணைப்படி, பிறப்பின்போது இதன் இடைநிலை அளவு ஆண் குழந்தைக்கு 34.5 செ.மீ., பெண் குழந்தைக்கு 33.9 செ.மீ. ஆகும். ஆண் குழந்தைக்கு 37 செ.மீ.க்கு மேற்பட்டால் பெருந்தலை எனலாம். பிரசவத்தின்போது தலை அழுந்துவதாலும் உச்சந்தலைத் தோல் வீங்குவதாலும் முதல் அளவு பிழைபடக்கூடும். ஆகவே சில நாட்கள் கழித்து மீண்டும் அளப்பர்.

காரணங்கள்

* குடும்ப மரபு: பெற்றோருள் ஒருவருக்குத் தலை பெரிதாக இருக்கும். பெற்றோரின் தலையையும் அளப்பது எளிய, பயனுள்ள சோதனையாகும்.
* மூளையில் நீர் கோத்தல் (ஐதரோசெபலசு): மூளையின் உள்ளறைகளில் பாய்மம் வடிய வழியின்றித் தேங்குதல்.
* மண்டையோட்டினுள் குருதிக்கசிவு.
* மூளைத் திசுவின் மிகை வளர்ச்சி.

மதிப்பிடல்

ஓர் அளவைவிட வளர்ச்சி வேகமே முக்கியமானது. முதல் மூன்று மாதங்களில் தலைச் சுற்றளவு மாதத்துக்கு ஏறத்தாழ 2 செ.மீ. கூடும். வளர்ச்சி வரைபடத்தில் குழந்தையின் கோடு பிற கோடுகளுக்கு இணையாகச் சென்றால் பெரும்பாலும் அச்சமில்லை. அவற்றைக் கடந்து மேலேறினால் ஆய்வு தேவை.

குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றிணையாததால், உள்ளழுத்தம் கூடும்போது தலை விரிந்து இடங்கொடுக்கிறது. இதனால் பிற அறிகுறிகள் தாமதமாகவே தோன்றலாம். உச்சிக்குழி புடைத்தல், கருவிழிகள் கீழ்நோக்கிச் செருகுதல், ஓயாத வாந்தி, மிகுந்த உறக்கம், வலிப்பு ஆகியன காணப்பட்டால் உடனடி மருத்துவ உதவி வேண்டும்.

உச்சிக்குழி திறந்திருப்பதால் அதன்வழி மீயொலிச் சோதனை செய்யலாம். இதில் கதிர்வீச்சு இல்லை. கூடுதல் விவரத்துக்கு எம்.ஆர்.ஐ. பயன்படும்.

சிகிச்சை

மரபுவழிப் பெருந்தலைக்குச் சிகிச்சை தேவையில்லை. தொடர்ந்து அளந்து வந்தாலே போதும். நீர் கோத்திருந்தால், மிகைப் பாய்மத்தை மெல்லிய குழாய்வழி வயிற்றறைக்கு வடியச் செய்வர். இதற்கான அடைப்பிதழ்களுள் ஒன்றை 1956இல் அமெரிக்கத் தொழில்நுட்பர் சான் ஓல்ட்டர், இந்நோயுடன் பிறந்த தம் மகனுக்காக உருவாக்கினார். காலந்தாழ்த்தாத சிகிச்சை மூளைப் பாதிப்பைக் குறைக்கும்.