வாய்மொழிக் கவியும் வகுப்பறையும்

கவிதை செவிக்கு உரியது. ஏட்டில் எழுதப்பெறுமுன்னர் அது நாவிற் பிறந்தது; கண்ணாற் படிக்கப்பெறுமுன்னர் காதாற் கேட்கப்பெற்றது. யாப்பு நூலார் பாக்களின் ஓசைக்கு இட்ட பெயர்களே இதற்குச் சான்றாகும். வெண்பாவுக்கு உரியது செப்பலோசை. ஆசிரியப்பாவுக்கு உரியது அகவலோசை. செப்பல் என்பது ஒருவர்க்கொருவர் எடுத்துச் சொல்லுதல். அகவல் என்பது அழைத்துக் கூறுதல். கலிப்பாவுக்குத் துள்ளலும் வஞ்சிப்பாவுக்குத் தூங்கலும் ஓசைகளாம். இப்பெயர்களுள் எழுத்தாணியையோ ஏட்டையோ சுட்டுவது ஒன்றேனும் இல்லை. நூல் இயற்றியவர் அதனை அவையினர் முன் படித்துக்காட்டி அரங்கேற்றுதல் வேண்டும் என்னும் பழைய மரபும் இக்கருத்தையே வலியுறுத்தும்.

இந்நாளில் மேலைநாட்டுப் பாடசாலைகளிற் பரவியுள்ள வாய்மொழிக் கவிதையையும், ‘ஸ்லாம்’ எனப்படும் கவிதைப் போட்டியையும் நம் இளைஞரிடையே கொண்டுவருதல் பற்றி ஆங்காங்கே பேச்சு எழுகின்றது. அது நமக்குப் புதிதாய் வந்த இறக்குமதியா, அன்றி நாம் மறந்துபோன முதுசமா என்பது ஆராயத்தக்கது. அம்பாறைக் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் தமிழ் வழங்கும் முஸ்லிம் ஊர்கள் அவ்வாராய்ச்சிக்குத் தக்க களமாகும்.

ஸ்லாம் ஆவது யாது?

அமெரிக்காவின் சிக்காகோ நகரிற் கட்டடத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித் என்னும் கவிஞர், 1986 ஆம் ஆண்டு அந்நகரின் ‘கிரீன் மில்’ என்னும் இசைவிடுதியில் இப்போட்டியைத் தொடங்கினார். கவிதை படிப்பு என்பது புலமையாளர் சிலர் கூடித் தமக்குள் முணுமுணுக்கும் காரியமாய்ச் சுருங்கியிருந்தமை கண்டு, அதனைப் பொதுமக்கள் முன் மீட்டும் நிறுத்த விரும்பியதே அவர் நோக்கம். நாளடைவில் இதற்குச் சில விதிகள் அமைந்தன. கவிதை சொல்வோருடைய சொந்த ஆக்கமாதல் வேண்டும். ஏறத்தாழ 3 நிமிடத்துள் முடிதல் வேண்டும். இசைக்கருவியும் வேடமும் ஆகா. அவையிலிருந்தே தெரிந்தெடுக்கப்படும் 5 நடுவர் 10 வரையிற் புள்ளி இடுவர். அவற்றுள் மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் நீக்கப்படும். 2001 இல் அதே நகரில் பாடசாலை இளைஞர்க்கெனத் தனியே ஒரு விழா தொடங்கிற்று.

இவ்விதிகளுட் புள்ளி இடுதல் வெறும் புறத்தோற்றமே. உயிரானவை மூன்று: சொல்வோன் தன் சொல்லையே சொல்லுதல், தன் குரலாலேயே சொல்லுதல், கேட்போர் உடனிருந்து மறுமொழி தருதல். இம்மூன்றும் எங்கு உளவோ அங்கெல்லாம் வாய்மொழிக் கவிதை உளது எனலாம்.

கரையோரத்துக் கவி

இம்மூன்றும் கிழக்கிலங்கைக்கு அந்நியமானவை அல்ல. இங்குள்ள முஸ்லிம் மக்களிடையிலும் தமிழ் மக்களிடையிலும் ‘கவி’ என்றே பெயர் பெற்ற நாட்டார் பாடல் வகை ஒன்று நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. எதுகை அமைந்த சில அடிகளே அதன் உடல். நீட்டி இசைக்கும் குரலே அதன் உயிர். வயற்காவலுக்குச் சென்ற முல்லைக்காரர் இரவில் வாடியிலிருந்து ஒரு கவி சொல்ல, அயல் வயலிலிருப்போர் எதிர்க்கவி சொல்லுவர். காதலும் பிரிவும் ஊடலும் ஏச்சும் எள்ளலும் அதிற் பொருளாகும். எழுத்தறியாத பெண்டிர் பலர் நினைத்த மாத்திரத்திற் கவி கட்டும் வன்மை பெற்றிருந்தனர். சூடு மிதிக்கும் களத்திற் பொலிப்பாட்டும், கரைவலை இழுக்குமிடத்து அம்பாப்பாட்டும், கோலடித்தாடும் களிகம்பில் அண்ணாவியாரின் பாட்டும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

வித்துவான் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழக’த்தில் இந்நிலத்து நாட்டுக்கவி வளத்தை எடுத்துக்காட்டினார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இவர்தம் பணியால் கவிகள் பல ஏட்டில் நிலைத்தன. ஆயின் ஏட்டில் நிலைத்தது பாட்டேயன்றிப் பாடும் வழக்கம் அன்று. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்த பின்னர்ச் சூடு மிதிப்பும் இராக்காவலும் அருகின. அவற்றோடு கவி பிறத்தற்குரிய வேளையும் அருகிற்று. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கிழந்த யாழின் ஓசையை ஆராய்ந்து 1947 இல் ‘யாழ் நூல்’ தந்தார். அவர் பிறந்த அதே கரையில், இன்னும் முற்றாய் மறையாத ஓர் ஓசையை வழக்கிழந்த பின் ஆராய்வதினும், வழக்கிழவாது காத்தல் எளிதன்றோ?

பேச்சோசை கண்ட கவிஞர்

நாட்டார் கவியிலிருந்து இக்காலக் கவிதைக்கு ஒரு பாலமும் இங்கு உண்டு. அளவெட்டியிற் பிறந்த மஹாகவி (1927 - 1971), பெரியநீலாவணையிற் பிறந்த ஆசிரியர் நீலாவணன் (1931 - 1975), கல்முனைக்குடியில் 1944 இற் பிறந்த எம். ஏ. நுஃமான் ஆகியோர் மரபு யாப்பினைக் கைவிடாமலே அதனுட் பேச்சின் ஓசையைப் புகுத்தினர். மஹாகவியின் ‘கோடை’ என்னும் பா நாடகத்தில் மாந்தர் செய்யுளிலேயே இயல்பாக உரையாடுகின்றனர். நீலாவணனின் ‘வேளாண்மை’க் காவியம் இவ்வட்டாரத்து உழவர் வாழ்வை அவ்வட்டாரச் சொற்களாலேயே பாடுவது. நீலாவணனின் தூண்டுதலால் வளர்ந்த இளங்கவிஞருள் நுஃமானும் ஒருவர். தமிழ் ஊர் ஆசிரியர் ஒருவரும் முஸ்லிம் ஊர் இளைஞர் ஒருவரும் கவிதையின் பொருட்டு ஒன்றுகூடிய வரலாறு இது. பேச்சுத்தமிழ் செய்யுளுக்கு ஆகாது என்னும் கூற்றுக்கு இவர்தம் ஆக்கங்களே விடையாகும்.

பாடசாலையில் உள்ள இடைவெளி

இனிப் பாடசாலைகளை நோக்குவோம். இலங்கையின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் தமிழ்மொழித் தினப் போட்டிகள் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாக நடைபெறுவன. அவற்றுட் கவிதை பற்றியவை சில. ‘கவிதை ஆக்கம்’ என்பதில் மாணவர் தம் கவிதையைத் தாளில் எழுதிக் கொடுப்பர்; அங்குக் குரலுக்கு வேலை இல்லை. ‘பாவோதல்’ என்பதில் குரலெடுத்து ஓதுவர். அங்கு ஓதப்படுவது பிறர் பாட்டு. ‘நாட்டார் பாடல்’ என்பதில் முன்னோர் பாடியதைக் குழுவாகப் பாடுவர். இவை ஒவ்வொன்றும் நற்பயனுடையன. எனினும் தான் கட்டிய கவியைத் தானே எழுந்து நின்று சொல்லுதற்கு இவற்றுள் இடம் காண்பது அரிது. தன் சொல் ஒருபுறம் ஊமையாகவும், தன் குரல் மறுபுறம் இரவற் சொல்லோடும் நிற்கின்றன. இவ்விரண்டையும் இணைப்பதே வாய்மொழிக் கவிதையின் வேலை.

இவ்விடைவெளி உண்டானதற்குரிய காரணங்களுள் ஒன்று, பிள்ளையின் வீட்டுமொழி வகுப்பறையிற் பிழையெனக் கொள்ளப்படுதல். ஓர் எடுத்துக்காட்டு வருமாறு. மீனவர் குடும்பத்து மாணவி ஒருத்தி, “வாப்பா கடலுக்குப் போனா, உம்மாட விளக்கு நூராது” என்று சொல்வதாகக் கொள்வோம். இதனை ஆசிரியர் திருத்தி, “தந்தையார் கடலுக்குச் சென்றால் தாயாரின் விளக்கு அணையாது” என்று எழுதுவிக்கலாம். பொருள் மாறவில்லை, ஆயினும் கவிதை போயிற்று. முதற்கூற்றின் சீர்கள் மாச்சீரும் காய்ச்சீருமாகத் தாமே நடக்கின்றன. ‘நூர்தல்’ என்பது இந்நாட்டிலே விளக்கு அணைதற்கு வழங்கும் நல்ல தமிழ்ச்சொல். ‘உம்மா’ என்பதில் அவ்வீடே இருக்கின்றது. கட்டுரைக்கு வேண்டிய தமிழைக் கட்டுரைப் பாடத்திற் கற்பித்தல் ஆசிரியர் கடன். கவிக்கு வந்த தமிழைக் கவியில் விட்டுவைத்தலும் அவர் கடனேயாகும்.

கொண்டுவரும் முறை

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. வாரத்தில் ஒரு பாடவேளை போதும்; ஒலிபெருக்கியும் வேண்டா. முதலாவதாகக் கேட்டல் வேண்டும். மாணவர் தத்தம் வீட்டு மூத்தம்மாவிடமோ அம்மம்மாவிடமோ ஒரு கவியேனும் கேட்டு, அவர் இழுத்த இழுப்போடு வந்து சொல்லட்டும். அதனால் முதியோர் அறிவு பாடநூலுக்கு நிகரான மதிப்பைப் பெறும். இரண்டாவதாக, எழுதுமுன் சொல்லுதல் வேண்டும். மருதமுனைப் பிள்ளைக்குத் தறியின் ஓசையும், கடற்கரைப் பிள்ளைக்கு அலையின் ஓசையும், வயலூர்ப் பிள்ளைக்கு உழவு இயந்திரத்தின் ஓசையும் தெரியும். அவ்வோசையில் ஓர் அடியை வாயாற் கட்டி, பலமுறை சொல்லிப் பார்த்து, நாவில் நின்ற பின்னரே தாளில் எழுதுதல் நன்று. மூன்றாவதாக, கேட்போர்க்கும் கடமை உண்டு. ஒருவர் சொல்லி முடித்தவுடன் புள்ளி இடுதற்குப் பதிலாக, மனத்தில் தங்கிய அடியைக் கேட்டோர் திருப்பிச் சொல்லுதல் வேண்டும். விரும்பியோர் அடுத்த வாரம் எதிர்க்கவி கொண்டு வருதல் வேண்டும். புள்ளி பெற்ற பிள்ளை அடுத்த முறை புள்ளிக்காகவே பாடும். மறுமொழி பெற்ற பிள்ளையோ மீட்டும் பேச விரும்பும்.

ஐயங்களும் விடைகளும்

இம்முயற்சியில் எழும் ஐயங்களைப் புறக்கணித்தல் தகாது. பெண்பிள்ளைகள் மேடையேறுதலைச் சில குடும்பத்தார் விரும்பார். கவியை வளர்த்தவருட் பெண்டிர் முன்னின்றமையை அவர்க்கு நினைவூட்டலாம். அன்றியும், மஹ்மூத் மகளிர் கல்லூரி போன்ற மகளிர் பாடசாலைகளில் சொல்வோரும் கேட்போரும் பெண்களேயாகிய அவை எளிதில் அமையும். வீட்டாரின் மனத்தை வருத்தாமலே குரலுக்கு வழி திறக்கலாம்.

மற்றோர் ஐயம் இதனினும் கடுமையானது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. இலங்கையின் எம்மாவட்டத்திலும் இத்துணை இழப்பு நேரவில்லை. 2009 வரை நீடித்த போரும் இக்கரையில் ஆறாத வடுக்களை விட்டது. இன்றைய மாணவர் அவ்வலைக்குப் பின் பிறந்தவர். எனினும் வீட்டார் சொல்லியும் சொல்லாமலும் விட்டவற்றைச் சுமப்பவர். ஸ்லாம் அரங்குகளிற் கண்ணீருக்கே கைதட்டல் மிகும் இயல்பு உண்டு. ஆதலின் துயரத்தைத் தலைப்பாகக் கொடுத்துப் பாடச்சொல்லுதல் ஆகாது. பிள்ளை தானாக அதனைச் சொன்னால் அமைதியாகக் கேட்டல் வேண்டும். சொல்லாவிடின் பூனையையும் பட்டத்தையும் பாடுதற்கு அதற்கு முழு உரிமை உண்டு.

முடிவாக ஒன்று. கல்முனை நகரிலே ஸாஹிறாக் கல்லூரியும் உவெஸ்லி உயர்தரப் பாடசாலையும் கார்மேல் பற்றிமாக் கல்லூரியும் ஒன்றுக்கொன்று அயலில் உள்ளன. மாணவர் பெரும்பாலும் தத்தம் சமூகத்துப் பாடசாலைகளிலேயே பயில்கின்றனர். ‘வாப்பா’ என்று தொடங்கும் கவியைத் தமிழ்ப் பிள்ளையும், ‘அப்பா’ என்று தொடங்கும் கவியை முஸ்லிம் பிள்ளையும் ஒரே மண்டபத்திலிருந்து கேட்டு, ஒருவர்க்கொருவர் எதிர்க்கவி சொல்லும் நாள் ஆண்டுக்கு ஒன்றேனும் அமையுமாயின், பல சொற்பொழிவுகளால் ஆகாத காரியம் ஆகும். முன்னொரு காலத்து இருள் சூழ்ந்த வயல்வெளியில் முகம் காணாத இருவர் குரலால் ஒருவரையொருவர் அறிந்தனர். அவ்வழக்கத்தை வகுப்பறைக்குள் அழைத்து வருதற்குச் சிக்காகோவரை செல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் சிறிது பொழுது பேசாதிருந்து, பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேட்டலே போதும்.