இரண்டாவது கியர் ஏன் கத்துகிறது?

மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். கியர் பல் தேய்ந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது இல்லை. இன்றைய கியர் பாக்ஸில் ரிவர்ஸ் தவிர மற்ற கியர்கள் எந்நேரமும் தத்தம் ஜோடியோடு கோத்தபடியேதான் சுழல்கின்றன. அவற்றில் ஒன்றை ஸ்லீவ் நகர்ந்து வந்து ஷாஃப்ட்டோடு பூட்டுகிறது. கியர் விழுவது என்பது இதுதான்.

ஸ்லீவ் ஒரு வேகத்தில் சுற்றும், கியர் வேறு வேகத்தில். நடுவில் நின்று இரண்டையும் சமாதானப்படுத்துவது சிங்க்ரோ ரிங் என்ற பித்தளை வளையம். கியரின் கூம்பைக் கவ்வி வேகத்தைச் சமமாக்கும். அதுவரை ஸ்லீவை உள்ளே விடாது. 1928-ல் காடிலாக் கார்களில் இந்த ஏற்பாடு வந்தது. அதற்கு முன் டபுள் கிளட்ச் அடித்து ஓட்டுநரே வேகத்தைச் சரிக்கட்டினார். பழைய அம்பாசடரில்கூட ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ கிடையாது.

பாக்ஸை இறக்குமுன் ஒரு சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு கியர் போட்டுப் பாருங்கள். அப்போது எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் எல்லாமே முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுசாக விடவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒரே ஒரு கியர் மட்டும் கத்தினால்தான் சிங்க்ரோ மேல் கை வைக்க வேண்டும்.

பிரித்த வளையத்தின் உள்பக்கத்தை நகத்தால் வருடினால் தெரிந்துவிடும். நல்லதில் திருகு மரை போன்ற நுண்ணிய வரிகள் நெருடும். எண்ணெய்ப் படலத்தை வெட்டிப் பிடிப்பு தருபவை அவைதாம். தேய்ந்ததோ குத்துவிளக்கு மாதிரி பளபளக்கும். கூம்பில் அழுத்தி வைத்தால் வளையத்துக்கும் கியருக்கும் இடையே ஃபீலர் கேஜ் நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். பல சிறிய கார்களில் புதிதில் சுமார் 1 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றத்தான் வேண்டும்.

வளையத்தை மட்டும் மாற்றி, முனை மழுங்கிய ஸ்லீவை அப்படியே விட்டால் செலவு வீண். எண்ணெயிலும் கவனம் வேண்டும்: ஜிஎல்-4 கேட்கிற பாக்ஸில் 'உசத்தி' என்று ஜிஎல்-5 ஊற்றுவார்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சில சமயம் பித்தளையை அரிக்கும். புது வளையத்தை எண்ணெயில் முக்கி மாட்டி, வளையத்தின் பள்ளத்தில், ஸ்லீவுக்குள் இருக்கும் ஹப்பின் சாவிகள் உட்கார்ந்தனவா என்று பார்த்து, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்த பிறகுதான் மூடியை மாட்ட வேண்டும்.