வரப்போரத்து அவுரி

வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் தரிசுகளிலும் வரப்போரங்களிலும் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் ஒரு செடியை நம் மக்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இலைக்கணுக்களில் கொத்துக் கொத்தாகச் சிறிய இளஞ்சிவப்புப் பூக்கள். பின்னர் உருண்டு மெலிந்த காய்கள். அவரைக்கும் துவரைக்கும் உறவான அவுரி இதுவே. நீலி என்றும் வழங்குவர். கொழிஞ்சியோடு இதைக் குழப்பிக்கொள்வோர் உண்டு. கொழிஞ்சிக் காய் தட்டையானது. அதைக் கவனித்தால் போதும்.

பூவிலோ தண்டிலோ நீலத்தின் சாயலே இல்லை. இலைக்குள் அது நிறமற்ற பொருளாக மறைந்திருக்கிறது. அறுத்த செடியைத் தொட்டி நீரில் அமிழ்த்திப் புளிக்கவிட்டால் நீர் மஞ்சள் கலந்த பச்சையாகிறது. அந்நீரை வேறொரு தொட்டிக்கு மாற்றி, ஆட்கள் இறங்கிக் காலால் அலைத்து அடிப்பார்கள். காற்றுப் பட்டவுடன் நீலம் பிறந்து அடியில் வண்டலாகப் படிகிறது. அதைக் காய்ச்சிப் பிழிந்து, கட்டிகளாக அறுத்து நிழலில் உலர்த்துவர்.

1674-இல் பிரெஞ்சுக்காரர் புதுவையில் கால் ஊன்றிய பின்னர், இந்நீலத்தில் தோய்ந்த பருத்தித் துணி கடல் கடந்தது. ‘கினே’ என்பது அதன் பெயர். ஆப்பிரிக்காவின் கினிக் கரையை ஒட்டி வந்த பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அக்கரையில் அடிமைகளை விலைக்கு வாங்கக் கொடுக்கப்பட்ட சரக்குகளுள் இத்தகைய இந்தியத் துணிகளும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செனகலில் அதே கினேயைக் கொடுத்துக் கருவேலம்பிசினைப் பெற்றார்கள். இங்கே தறியில் அமர்ந்த நெசவாளியும் தொட்டியில் இறங்கிய சாயக்காரரும், தம் கைவேலை எவருடைய விலையாகப் போகிறது என்பதை அறிந்திருப்பார்களா? அறிந்திருந்தாலும் தடுக்கும் வலிமை அவர்களிடம் இல்லை. இலாபக் கணக்கு எழுதியவர்களுக்கோ அது நன்றாகவே தெரியும். புதுவையின் பழைய வணிகச் சிறப்பைப் பேசும்போது இதனை விட்டுவிடுவது நமக்கு நேர்மையாகப் படவில்லை.

1897-இல் செருமனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அவுரிச் சாகுபடி எங்கும் சுருங்கிற்று. திண்டிவனம் பக்கம் சாயத்துக்காக இன்றும் அவுரி பயிரிடுவோர் உண்டு. தலைமுடித் தைலத்திலும் அதன் இலை சேர்கிறது.

நம் உழவர்க்கு வேறொரு பயனும் உண்டு. அவுரியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துத் தருகின்றன. நெல்லுக்குமுன் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் நல்ல பசுந்தாள் உரம். முற்றவிட்டால் தண்டு கட்டையாகிவிடும், மட்கவும் நாளாகும்.