உங்களுக்குத் தெரியுமா? இலுப்பைக்கு உறவான ஷியா

மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வளரும் ஷியா மரம், இலுப்பையும் சப்போட்டாவும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. கானா, புர்கினா பாசோ நாடுகளில் பெண்கள் அதன் பருப்பை வறுத்து அரைத்து, தண்ணீர் விட்டுக் கையால் வெகுநேரம் பிசைவார்கள். வெளிறிய கொழுப்பு மேலே திரளும். அதைக் காய்ச்சி வடித்தால் ஷியா வெண்ணெய்.

சருமத்தில் பூச, 3 பங்கு வெண்ணெயை இளஞ்சூட்டில் உருக்கி, 1 பங்கு பாதாம் எண்ணெய் சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்து, ஓரங்கள் உறையத் தொடங்கியதும் பீட்டரால் அடிக்க வேண்டும். காற்று புகுந்து கலவை வெளுத்துப் பொங்கும். சூட்சுமம் ஆறவைப்பதில்தான்: மெதுவாக ஆறினால் கெட்டிக் கொழுப்பு தனியே உறைந்து மணல்மணலாக நெருடும், சட்டென்று குளிர்ந்தால் வழுவழுப்பாக வரும். ஏறத்தாழ உடல் சூட்டிலேயே இது உருகிவிடும் என்பதால், கோடையில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். டப்பாவில் ஈரக்கை படவே கூடாது.