மகிழ்ச்சிக்காகவும் எழுதுவோம்

எதற்காக எழுதுகிறீர்கள் என்று எல்லா எழுத்தாளர்களிடமும் கேட்கிறார்கள். நம்மிடம் கேட்கும்போது மட்டும் விடையையும் அவர்களே கையில் வைத்திருக்கிறார்கள்: வலி. எழுதப் பிடித்திருந்தது, எழுதினோம் என்றால் கேட்டவர் முகம் சுருங்கிவிடுகிறது.

இந்த எதிர்பார்ப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அச்சுலகத்துக்குள் நாம் கோரிக்கைகளோடுதான் நுழைந்தோம். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது. கேட்க வேண்டிய உரிமைகள் அத்தனை இருந்தன. ஆனால் பண்டிதரின் பக்கங்களை நிதானமாகப் படித்தால் இன்னொன்றும் தெரியும். ஒரு சொல்லைப் பிரிப்பார், திருப்புவார், ஒரு பண்டிகையின் பெயருக்குள்ளிருந்து பௌத்த வரலாற்றை வெளியே இழுப்பார். வாதம் செய்கிற அதே கை மொழியோடு விளையாடவும் செய்கிறது. அந்தச் சுகம் இல்லாமல் வாரந்தோறும் அவ்வளவு எழுதியிருக்க முடியுமா?

1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது அதன் காயங்களைப் பற்றியே அதிகம் பேசினோம். அதிலுள்ள சிறுபிள்ளை விளையாட்டுகளையும் பட்டப்பெயர்களையும் குறைவாகவே பேசினோம். 1996இல் அவரது ‘கிசும்புக்காரன்’ வந்தது, தலைப்பிலேயே குறும்பு. 2002இல் வந்த ‘சிலுவைராஜ் சரித்திர’த்தில் ராஜ் கௌதமன் தன்னையே கேலி செய்துகொள்கிறார். இந்தச் சிரிப்பு வலியை மூடி மறைப்பதில்லை. அடிபட்டவர் அடிபட்டவர் மட்டுமே அல்லர் என்று சொல்கிறது.

வலியை மட்டும் எழுதச் சொல்வது நம்மைச் சாட்சிக் கூண்டிலேயே நிறுத்திவைப்பதாகும். சாட்சி, கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும். மகிழ்ந்து எழுதுகிறவர் எதைச் சொல்வது என்பதைத் தாமே முடிவு செய்கிறார். எழுத்தே மறுக்கப்பட்டிருந்தவர்களுக்கு அந்த முடிவு சிறிய உரிமை அன்று.

நம் கூட்டங்களுக்கு வரும் இளையவர்கள் மழையைப் பற்றியோ வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றியோ எழுதிக்கொண்டு வந்து, ‘இது தலித் இலக்கியமா?’ என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை உண்டாக்கியதில் நமக்கும் பங்கிருக்கிறது. கோபம் நம் எழுத்தை விட்டுப் போகப் போவதில்லை, போகவும் கூடாது. அதன் பக்கத்திலேயே ஆட்டுக்குட்டிக்கும் இடம் இருக்கட்டும்.

இன்று நாம் நினைவுகூரும் மூத்த தோழர், தாம் எழுதியதைத் தாமே உரக்கப் படித்து முதலில் சிரிப்பவராக இருந்தார். அவருடைய கோபத்தை நாம் மேடைதோறும் பேசிவருகிறோம். அந்தச் சிரிப்பையும் பேசுவோம்.