பள்ளத்துக்கும் ஜாக்கி வேண்டும்

தேனி மாவட்டம் சின்னமனூரில் வீடு கட்டும் இடங்களில் காங்கிரீட் இறுகும்வரை கூரையை இரும்பு ஜாக்கிகள் தாங்கி நிற்கின்றன. அதே ஊரில் குழாய் பதிக்க ஆளுயரப் பள்ளம் வெட்டினால், பக்கச் சுவர்களுக்கு ஒரு முட்டுகூட இல்லாமல் ஆளை இறக்கிவிடுகிறோம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது; மார்புவரை மூடினாலே மூச்சு நின்றுவிடக்கூடும். 2022-ல் மதுரை விளாங்குடியில் குழாய்ப் பள்ளத்தில் மண் சரிந்து ஒரு தொழிலாளி இறந்தார். 2024 பிப்ரவரியில் ஊட்டி அருகே லவ்டேலில் தடுப்புச்சுவர் பணியின்போது ஆறு பெண் தொழிலாளர்கள் புதையுண்டு மாண்டார்கள். வெட்டிய மண் சரியும் என்பது முன்பே தெரிந்த ஆபத்து. அதைத் தலைவிதி என்று தள்ளிவிட முடியாது.

"இது கட்டி மண், நிற்கும்" என்பார்கள். வெட்டியதும் நேராக நிற்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. ஒரு பக்கத்து அணைப்பு போனதும் மண் மெல்ல விரிசல் விடுகிறது. முல்லைப் பெரியாற்றுப் பாசன வயலோரத்தில் ஊறும் ஈரமும், விளிம்பில் குவித்த மண்ணும், பக்கத்தில் நிற்கும் ஜேசிபியின் பாரமும் அதைத் தள்ளுகின்றன. "அரை மணி நேர வேலைதானே" என்பதும் பொருந்தாது. சரிவுக்குச் சில நொடிகள் போதும். செலவு அதிகம் என்ற வாதத்துக்கும் வலுவில்லை. ஜாக்கியும் பலகையும் வாடகைக்குக் கிடைப்பவை. மதிப்பீட்டிலேயே அவற்றைச் சேர்க்காததுதான் குறை.

ஆனால் ஜாக்கியை நட்டால் மட்டும் போதாது. மண்ணோடு ஒட்டிப் பலகை, அதன்மேல் நீளவாக்கில் சட்டம், இரு சட்டங்களுக்கு இடையே கிடைமட்டமாக இறுக்கிய ஜாக்கி என்ற முறை வேண்டும். கூரையின் பாரத்தைச் செங்குத்தாகத் தாங்கச் செய்த ஜாக்கி பக்கவாட்டு அழுத்தத்துக்குப் போதுமா, எத்தனை அடிக்கு ஒன்று வேண்டும் என்பதைப் பொறியாளரே முடிவுசெய்ய வேண்டும். பொருத்துவது மேலிருந்து கீழாக. கழற்றுவது மண்ணை நிரப்பிக்கொண்டே கீழிருந்து மேலாக. மழை பெய்தால் மறுபடி சோதிக்க வேண்டும். மத்தியப் பொதுப்பணித்துறையின் விதிப்படி, ஒன்றரை மீட்டரும் அதற்கு மேலும் ஆழமான பள்ளத்தின் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், இல்லையேல் முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் அல்லது பாதி ஆழம், இவற்றில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிப் போட வேண்டும்.

முட்டு எங்கே என்று இறங்குமுன் கேட்பது தொழிலாளியின் உரிமை. கேட்டவரை வேலையை விட்டு அனுப்புவது அநியாயம். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடமும், தேனி ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் புகார் கொடுக்கலாம். சரிவு நேர்ந்தால் யாரும் பின்னால் குதிக்காமல், இயந்திரத்தால் கண்மூடித்தனமாகத் தோண்டாமல், 112-ஐ அழையுங்கள். பணியில் நேர்ந்த விபத்துக்கு இழப்பீடு 1923-ல் இயற்றிய சட்டம் தொட்டே சட்டப்படியான உரிமை. ஒப்பந்ததாரரைக் காட்டி, வேலை கொடுத்த நிறுவனம் ஒதுங்கிவிட முடியாது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்து, புதுப்பித்தும் வையுங்கள். எந்தத் தொகையும் போன உயிருக்கு ஈடாகாது. ஆகவே பள்ளம் வெட்டச் சொல்பவரே முட்டுக்கும் பொறுப்பேற்ற பிறகுதான் ஆள் இறங்க வேண்டும்.