சொகுசுப் படகுப் பயணம்: பணம் யாரிடம், பொறுப்பு யாரிடம்?

குரோஷியாவின் ஸ்பிலிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் வரை, துருக்கியின் போட்ரும் கரையோரம், கிரேக்கத் தீவுகளுக்கிடையே என்று ஒரு வாரம் படகிலேயே தங்கிச் சுற்றும் பயணம் பெருஞ்செல்வர்களுக்கு மட்டுமே உரியதல்ல. மணிவிழா, பணி ஓய்வு, பிள்ளைகளின் பட்டமளிப்பு என்று ஒரு நல்ல நாளை முன்னிட்டு நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகை முழுதாக வாடகைக்கு எடுத்தால், பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு தலைக்கு ஒரு பங்கு கட்டிவிட முடிகிறது. அந்த முன்பணம் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் உள்ள ஒரு பயண முகவரிடம் கட்டப்படலாம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தெரிந்தவர் ஒருவர் கையில் கொடுக்கப்படலாம். கைப்பேசி வழியாக நேரே ஏதென்ஸுக்கும் போகலாம். மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும், தவறு நேர்ந்த பிறகு நமக்கு எஞ்சும் உரிமை மூன்றிலும் வேறு வேறு. எந்தக் கடல், எந்தப் படகு என்று பார்ப்பதற்கு முன்பே, மலேசியாவில் நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் ஏற்படுத்திக்கொள்ளும் பாதுகாப்பே உண்மையான பாதுகாப்பு.

பெரிய பெயர் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு எதிரான சான்று நம் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. 1993இல் தொடங்கப்பட்ட ஸ்டார் குருஸ் நிறுவனத்தின் கப்பல்கள் போர்ட் கிள்ளானை அடுத்த இண்டா தீவு முனையத்துக்கு வந்துபோனதைக் கிள்ளான் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் தாய் நிறுவனமான கெந்திங் ஹாங்காங், பெருந்தொற்றாலும் ஜெர்மனியில் இருந்த தன் கப்பல் கட்டும் தளங்களின் நொடிப்பாலும் நிலைகுலைந்து, 2022 ஜனவரியில் பெர்முடா நீதிமன்றத்தில் தற்காலிகக் கலைப்பாளரை அமர்த்தக் கோரியது. அந்நிறுவனம் நடத்திய டிரீம் குருஸ் பயணங்களுக்கு முன்பணம் கட்டியிருந்தவர்கள் கடன்கொடுத்தோர் வரிசையில் நிற்க நேர்ந்தது. பதிவு பெர்முடாவில், பங்குச் சந்தை ஹாங்காங்கில், புறப்பாடு சிங்கப்பூரில், பயணி மலேசியாவில் என்றால், அந்தப் பயணி எந்தக் கதவைத் தட்டுவார்? தனியார் சொகுசுப் படகில் இந்தச் சங்கிலி இன்னும் நீளம். உரிமையாளர் ஒரு நாட்டு நிறுவனம், படகின் கொடி இன்னொரு நாட்டுடையது, நிர்வாகம் மொனாக்கோவில், தரகர் லண்டனில், விற்றவர் கோலாலம்பூரில் என்று பொறுப்பு ஐந்து இடங்களில் சிதறிக்கிடக்கும்.

கையெழுத்திடும் ஒப்பந்தத்தைப் படித்தால் இது தெளிவாகும். மத்திய தரைக்கடலில் மாலுமிகளோடு வரும் பெரிய படகுகளுக்குப் பரவலாகப் பயன்படுவது மைபா எனப்படும் தரகர் அமைப்பின் ஒப்பந்தப் படிவம். வழக்கமாக வாடகையில் பாதியைக் கையெழுத்திடும்போதும், மீதியைப் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் கட்ட வேண்டும். பூசல் எழுந்தால் ஆங்கிலேயச் சட்டப்படி லண்டனில் நடுவர் தீர்ப்பு. விளம்பரத்தில் காணும் தொகையும் முழுச்செலவு அல்ல. வாரத்துக்கு 60,000 யூரோ என்று ஒரு படகை வைத்துக்கொள்வோம். குரோஷியாவில் 13 விழுக்காடு வரி என்றால் 7,800; எரிபொருள், உணவு, துறைமுகக் கட்டணத்துக்காக முன்கூட்டியே வாங்கும் செலவுப்பணம் 30 விழுக்காடு என்றால் 18,000; மாலுமிகளுக்கான அன்பளிப்பு 10 விழுக்காடு என்றால் 6,000. மொத்தம் 91,800 யூரோ, அதாவது சொன்ன விலையைப்போல் ஒன்றரை மடங்கு. செலவுப்பணத்துக்குக் கணக்குக் கேட்கவும், மிச்சத்தைத் திரும்பப் பெறவும் நமக்கு உரிமை உண்டு. அதே படிவத்தில் பயணிக்குச் சாதகமான விதிகளும் இருக்கின்றன. படகை ஒப்படைப்பதில் 48 மணி நேரம் அல்லது ஒப்பந்தக் காலத்தில் பத்தில் ஒரு பங்கு, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டித் தாமதமானால் ஒப்பந்தம் முறிந்ததாகக் கொண்டு கட்டிய பணத்தைக் கேட்கலாம். ஒரு வாரப் பயணத்தில் அது சுமார் 17 மணி நேரம். இந்த விதி தெரியாதவர் இரண்டு நாள் துறைமுகத்தில் காத்திருந்துவிட்டு, கேப்டன் சொன்ன சமாதானத்தோடு திரும்பிவிடுவார்.

மலேசியச் சட்டம் நமக்குத் தருவது சிறிதல்ல. 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் பயண முகவர் தொழில் நடத்தக் கூடாது. சுற்றுலா அமைச்சின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினாலே உரிமம் நடப்பில் உள்ளதா, அது வெளிநாட்டுப் பயணங்களுக்கும் பொருந்துமா என்று தெரிந்துவிடும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறனோடும் அதைத் தர வேண்டும் என்கிறது. இந்தப் பாதுகாப்பை ஒப்பந்தத்தில் எழுதி நீக்கிவிட முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், மூன்றாண்டுக்குள் கோரிக்கை தாக்கல் செய்யலாம். ஆனால் அதன் எல்லை 50,000 வெள்ளி. அதற்கு மேலுள்ள இழப்பை விட்டுக்கொடுத்து அந்த எல்லைக்குள் கோரலாம். ஆனால் ஒரே கோரிக்கையைப் பல கோரிக்கைகளாகத் துண்டுபோட முடியாது. பத்துப் பேரின் பணத்தையும் ஒருவரே வாங்கித் தன் பெயரில் கட்டினால், முழு இழப்பும் அந்த ஒருவருடைய கோரிக்கையாகி எல்லையைப் பல மடங்கு தாண்டிவிடும். மேலே சொன்ன 91,800 யூரோவைப் பத்துப் பேர் பகிர்ந்தால் தலைக்கு விழும் 9,180 யூரோ, அண்மைய ஆண்டுகளின் நாணய மாற்றில் 50,000 வெள்ளிக்குள் அடங்கும். எனவே ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் ஒப்பந்தமும் ரசீதும் கேட்டு வாங்குவது நம்பிக்கையின்மை அல்ல; எளிய மக்களுக்கென்று அமைந்த மன்றத்தின் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளும் செயல்.

பணத்தைவிடப் பெரியது உயிர். அங்கும் கேள்வி, பொறுப்பு யாரிடம் என்பதே. 2024 ஆகஸ்ட் 19 அதிகாலை, சிசிலியின் போர்ட்டிசெல்லோ அருகே நங்கூரமிட்டிருந்த 56 மீட்டர் நீளமுள்ள பேஸியன் என்ற பாய்மரச் சொகுசுப் படகு புயற்காற்றில் மூழ்கி, 22 பேரில் 7 பேர் இறந்தனர். அது பிரிட்டிஷ் கொடியுடைய படகு என்பதால் பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவும் விசாரித்தது. பாய்களை இறக்கி வைத்திருந்த நிலையிலும், பக்கவாட்டில் 63.4 நாட் வேகத்துக்கு மேல் அடிக்கும் காற்று அதைக் கவிழ்க்கக்கூடும் என்பதையும், அந்தத் தகவல் படகில் இருந்த கையேட்டில் இல்லை என்பதையும் 2025இல் வந்த அதன் இடைக்கால அறிக்கை சுட்டியது. விலையும் பளபளப்பும் பாதுகாப்புக்குச் சான்றாகா. நம் கடலிலும் 2025 ஜூன் 28 இரவு பெர்ஹெந்தியான் தீவருகே படகு கவிழ்ந்து இரு சிறுமிகள் உட்பட மூவர் உயிரிழந்தனர். மத்திய தரைக்கடலாயினும் கெத்தாம் தீவாயினும், படகு எந்த நாட்டில் பதிவானது, எத்தனை பேரை ஏற்ற அனுமதி, கேப்டனின் தகுதிச் சான்று எது, காப்புறுதி பயணிகளையும் உள்ளடக்குகிறதா, ஒவ்வொரு குழந்தைக்கும் அளவான உயிர்காப்பு அங்கி உண்டா என்று எழுத்தில் கேட்பது நம் உரிமை. உள்ளூர்ப் படகுக்கு உரிமம் வழங்கும் கடல்துறை இலாகாவின் தலைமையகம் போர்ட் கிள்ளானில்தான் இருக்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. நேரடியாகப் பதிவு செய்தால் மலிவு, உள்ளூர் முகவர் எதற்கு என்பார்கள். மலிவு என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இங்கே முகவரியோ சொத்தோ இல்லாத நிறுவனத்தின் மீது நடுவர் மன்றம் ஆணை பிறப்பித்தாலும் அதை நிறைவேற்றுவது கடினம். மலிவால் மிஞ்சும் பணம் இந்த உரிமையை இழப்பதற்கு ஈடாகுமா என்று ஒவ்வொருவரும் எடைபோட வேண்டும். நேரடியாகத்தான் போவது என்று முடிவெடுத்தால், பணத்தை உரிமையாளரிடம் தராமல் இடைப்பட்ட பொறுப்புக் கணக்கில் வைக்கச் சொல்லலாம்; கடன் அட்டையில் கட்டி, சேவை கிடைக்காவிட்டால் வங்கி வழியாகப் பணத்தை மீட்கும் வழியை வைத்துக்கொள்ளலாம். அச்சிட்ட ஒப்பந்தத்தை அவர்கள் மாற்றமாட்டார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. படிவம் மாறாது என்றாலும் யாரிடம் கட்டுவது, எப்படிக் கட்டுவது, எந்தக் காப்புறுதி எடுப்பது என்பவை நம் கையில் உள்ளன. நிறுவனம் நொடித்துப்போனால் ஈடு உண்டா என்று காப்புறுதிப் பத்திரத்தில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மூன்றாவது மறுப்பு மனத்தைத் தொடுவது: நம் ஆள், கோயிலில் பழக்கம், அவரிடம் எப்படி உரிமம் கேட்பது? நேர்மையானவருக்கு அந்தக் கேள்வி சுமையாகாது. கேட்கத் தயங்கிய கூச்சத்தால் பணம் மட்டுமல்ல, பல ஆண்டு உறவும் முறிந்துபோகும்.

தவறு நேர்ந்துவிட்டால் காலம்தான் முதல் எதிரி. படகில் குறை கண்டால் கேப்டனிடம் உடனே சொல்லி, 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் உறுதிப்படுத்தி, படமும் எடுத்து வைக்க வேண்டும். கரையிறங்கிய பிறகு சொல்லும் குறைக்கு வலு குறைவு. பணம் வாங்கியவர் மோசடிக்காரர் என்று தெரிந்தால் அந்த மணி நேரத்திலேயே 997 என்ற மோசடிப் புகார் எண்ணுக்கும் வங்கிக்கும் அழைத்து, போலீஸ் புகார் செய்ய வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணைக் கட்டும் முன்பே காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் சரிபார்த்தால் இந்த நிலையையே பெரும்பாலும் தவிர்க்கலாம். வங்கியின் பதில் நிறைவளிக்காவிட்டால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையை நாடலாம். இழப்பு 50,000 வெள்ளியைத் தாண்டினால் 100,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றமும், அதற்கு மேல் செஷன்ஸ் நீதிமன்றமும் இருக்கின்றன. அங்கே செலவும் காலமும் கூடும். ஆகவே குழுப் பயணங்களை ஏற்பாடு செய்யும் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் பணம் வசூலிக்கும் முன் உரிம எண்ணையும் ஒப்பந்த நகலையும் எல்லாரிடமும் கொடுப்பதை வழக்கமாக்க வேண்டும். பத்துக் குடும்பங்களின் சேமிப்பைக் கையில் வாங்குபவர், அந்தப் பத்துக் குடும்பங்களுக்கும் எழுத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.